எண்பத்து நான்காம் எண் தட்டு

போர் நடந்த காலத்தில், டகோமா நகரத்தில், நான் ஊருக்கே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். இருபது சாப்பாட்டுக் கடைகளில் எங்கள் கம்பெனியின் பாட்டுப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இசைத்தட்டு கிடையாது. ஒரு ஒலிபெருக்கியும் மைக்கும்தான். காசு போட்டுவிட்டுத் தட்டின் எண்ணைச் சொன்னால், தொலைபேசிக் கம்பி வழியாக அது எனக்குக் கேட்கும். தையல்கடை மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து நான் தட்டைச் சுழலவிடுவேன். கடைகளில் ஆடுவார்கள், சிரிப்பார்கள். ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. எங்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி என்பதால் எல்லோருக்கும் நான் தட்டுக்காரி.

என் கணவர் ஆல்டன் பசிபிக்கில் ஒரு போர்க்கப்பலில் இருந்தார். ஜனவரிக்குப் பிறகு கடிதம் இல்லை. அது ஜூன் மாதம்.

கப்பல்கட்டும் தளத்துக்கு எதிரே டாட்டி என்ற பெண் பரிமாறும் சாப்பாட்டுக் கடை. நான்கு மணிக்குத் தளத்தில் வேலை முடிந்ததும் அங்கிருந்து ஒரு குரல் வரும்.

"எண்பத்து நாலுங்க."

பின்னாலேயே மற்றவர்களின் கூச்சல்.

"டேய் ஹார்லன், இன்னைக்கும் அதே ஒப்பாரியா?"

"தட்டுக்காரம்மா, அவன் பேச்சைக் கேக்காதீங்க! காலை ஆட்டுற மாதிரி ஒண்ணு போடுங்க!"

நான் எண்பத்து நான்கைத்தான் போடுவேன். மெதுவான பாட்டு. பித்தளைக் குழல்கள் அடங்கியதும் ஒரு பெண் பாடுவாள்: எத்தனை மழைக்காலம் போனாலும் இந்த ரயிலடியிலேயே நிற்பேன் என்று. கூச்சல் போட்டவர்கள்கூட அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். அழைப்பு வராத நேரங்களில் நானும் எனக்காக அதைப் போட்டுக் கேட்டேன். அவள் நிற்கிறாள் என்றால் நானும் நிற்கலாம் என்று தோன்றும்.

ஒரு நாள் ஹார்லன் போன பிறகு கம்பி வழியாகவே டாட்டியிடம் கேட்டேன். "அவருக்கு அந்தப் பாட்டுல என்ன அப்படி?"

"உனக்குத் தெரியாதா? பாடுறதே அவன் பொண்டாட்டிடீ. ரெண்டு வருஷம் முன்னாடி அந்த பேண்டு வாத்தியக்காரங்க பஸ்ல ஏறிப் போனவ. இப்ப குழல் ஊதுறவன் ஒருத்தனோட இருக்கா."

அன்று மாலை முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. கேட்டது பதினாறு என்றால் அறுபதைப் போட்டேன். ஏமாந்தது ஹார்லனா, நானா என்று தெரியாமல் கோபம் வந்தது.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் கேட்டபோது, "அது உடைஞ்சு போச்சுங்க" என்றேன். தட்டு என் மடியில் இருந்தது.

கம்பியில் பீங்கான் பாத்திரங்கள் மோதும் சத்தத்துக்கு நடுவே அவர் கேட்டார்: "வேற ஒண்ணு வாங்குவீங்களா?"

"வாத்தியக்காரங்க வேலைநிறுத்தம் பண்றாங்க, புதுத் தட்டே வர்றதில்ல. பழையதும் எங்கயும் கிடைக்கல."

"சரிங்க" என்றார்.

அதன் பிறகு அவர் குரல் வரவே இல்லை. காபி குடிக்க வருகிறார், ஆனால் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார் என்று டாட்டி சொன்னாள். நான்கு மணி ஆனால் நான் அந்தக் கடையின் கம்பியையே கவனித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு டாட்டியின் கடைக்குப் பஸ் ஏறினேன்.

இளைஞரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். டாட்டி காட்டியவர் நாற்பத்தைந்து வயதுக்காரர், புருவங்கள் வெல்டிங் பொறியில் கருகியிருந்தன. நான் வாயைத் திறந்ததுமே நிமிர்ந்தார்.

"நீங்களா?"

தட்டை மேஜைமேல் வைத்தேன். "உடையல. பொய் சொன்னேன்."

அவர் அதைத் தொடவில்லை. "முதல் வாரம் நிம்மதியாத் தூங்கினேங்க. ரெண்டாவது வாரம் அவ குரல் எப்படி இருக்கும்னே ஞாபகம் வரல. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பொய்தானே பாடுறாங்க? நிப்பேன் நிப்பேன்னு."

"பொய் இல்லைங்க." அவர் சிரித்தார். "பாடுற வரைக்கும் அவளுக்கு அது நெசம்தான். வீட்டுல பாத்திரம் கழுவுறப்பவும் அப்படித்தான். பாட்டு முடிஞ்சா மறந்துடுவா."

"எடுத்துட்டுப் போங்க. வீட்டுல வச்சுக் கேளுங்க."

"வேணாங்க. தனியாக் கேட்டா அவ எனக்காகப் பாடலைன்னு தெரிஞ்சிடும். இங்க இத்தனை பேரோட கேட்டா, யாருக்கோ பாடுறா, நானும் கேக்குறேன், அவ்வளவுதான்." என் மோதிரத்தைப் பார்த்தார். "உங்களுக்கு யாரு?"

"ஆல்டன். ஆறு மாசமாக் கடிதம் இல்லை."

அவர் தன் ஆப்பிள் பை பலகாரத்தைப் பாதியாக வெட்டி என் பக்கம் தள்ளினார். தின்று முடித்ததும் தட்டை மறுபடி கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அவர் பஸ் நிறுத்தம் வரை வந்து, தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆகஸ்டில் அவர் கலிஃபோர்னியாவிலிருந்த வேறு தளத்துக்கு வேலைக்குப் போய்விட்டதாக டாட்டி சொன்னாள். ஆல்டன் போர் முடிந்து திரும்பினார். முதல் ஒரு வருஷம் அவர் படுக்கையில் படுக்கவில்லை; முன்னறை நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்தே தூங்கினார். நான் உள்ளே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆப்பிள் பை தின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம் சொல்லப் பலமுறை எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். சொன்னதில்லை.