எழுபத்தொரு மணி

ஒரு வாரமாக அப்பாவைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்ததில் அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. அந்தக் கையைத்தான் சபை மூப்பரிடம் நீட்டினாள்.

"அப்பாவ மூணு மணிக்கு எடுக்கிறோம். மணிக்கூண்டுச் சாவியக் குடுங்க."

மரக்கடைக்காரரான மூப்பர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாரே தவிர, கையை எடுக்கவில்லை.

"போதகர் வருவாரும்மா, ஜெபம் பண்ணுவாரு. மணி மட்டும்... பதிவேட்டுல பேர் இருக்கிறவங்களுக்குத்தானே?"

சபையில் ஒருவர் இறந்தால் வயதுக்கு ஒன்றாக மணி அடிப்பார்கள். நாற்பது வருஷம் அடித்தவர் அப்பா.

"பேர வெட்டினது யாரு?"

"அது பழைய கதைம்மா."

பழைய கதைதான். ஆலயத்துக்கு ஆர்கன் வேண்டுமா வேண்டாமா என்று அடித்துக்கொண்டு சபை இரண்டாக உடைந்தது. வேண்டாமென்றவர்கள் வெளியேறி ஒரு பழைய கிடங்கில் கூடினார்கள். அங்கே ஒரு கிழவர் இறந்தபோது அப்பா ஏறி அறுபத்திரண்டு மணி அடித்தார். செத்தவனுக்கு ஏது கட்சி என்று கேட்டார். மூப்பர்கள் கூடி அவர் பேரை நீக்கினார்கள். வேலையை நீக்கவில்லை, எண்பத்தாறு படி ஏற வேறு ஆள் கிடையாது.

போனவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லார் பேரும் பதிவேட்டில் ஏறியது. அப்பாவுக்கு மட்டும் அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்று இருபத்தாறு வருஷம்.

"அடுத்த கூட்டத்துல கண்டிப்பா சேர்த்துருவோம்மா."

"எதுக்கு? எந்திரிச்சு வந்து பாடவா?"

"நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

"உங்கப்பாவுக்கு எத்தன மணி?"

மூப்பர் சாவிக்கொத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"எண்பத்திநாலு. அடிச்சிட்டு வந்த எங்கப்பாவுக்கு மூணு நாள் கை தூக்கல. நான்தான் ஊட்டிவிட்டேன்."

அவர் கைக்கு அடியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு நடந்தாள். பின்னால் அவர் யாருக்கோ போன் போடுவது கேட்டது.

மணிக்கூண்டின் உச்சியில், அப்பாவின் பிடி பட்டுப் பட்டுக் கயிறு ஓரிடத்தில் மெலிந்திருந்தது. அங்கேயே பிடித்து இழுத்தாள். ஒன்று. வலி கழுத்துவரை ஏறியது. இரண்டு.

பத்தொன்பதில் ஒரு கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது. ஏற ஆளில்லாத படிகளில் மூன்று மூப்பர்கள் மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார்கள்.

"போதும்மா. கூட்டத்துல பேசிக்கலாம்."

குழி மூடிய பிறகு, மரக்கடைக்காரர் கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி அருகில் வந்தார்.

"மனசுல வச்சுக்காதம்மா."

அவள் தன் தோளைப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டைப் பார்த்தாள்.

"இன்னும் அம்பத்திரெண்டு மணி பாக்கி."