நான்கு துளைகள்

விடியற்காலை ஷிப்டில் நாங்கள் பன்னிரண்டு பேர். வெளுத்துவரும் வானத்தை வாயிலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தால், ஆயிரத்து நானூறு மீட்டர் தள்ளிப் பாறை வந்து மூக்கில் இடிக்கும். ரயிலுக்காக அதுவரை குடைந்தாகிவிட்டது. முந்தின வெடியின் புகை கலையாமல் மண்டையைப் பிளக்கும். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சட்டைக் காலருக்குள் இறங்கி முதுகெலும்பைத் தேடிப் போகும். பூட்ஸுக்குள் நேற்றைய ஈரம் காயாமல் கிடக்கும்.

கலவை அக்கா சிமென்ட் மூட்டையின் வாயைக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழிப்பார். சிமென்ட் அரித்து அவர் விரல் மூட்டுகள் எல்லாம் வெடித்திருக்கும். டிரில் பிடிப்பவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அத்தனை உயரம், அத்தனை ஒல்லி. கூப்பிடச் சுருக்கி ஒட்டடை என்போம். அவன் டிரில்லைப் பாறையில் வைத்து முடுக்கினால் எங்கள் பல் வேர்கள் அதிரும். நான் பம்புக்காரன்.

எங்கள் வேலை தண்ணீரை நிறுத்துவது. பாறை என்றால் வெறும் கல் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்குள் முடி அகலத்தில் ஆயிரம் விரிசல்கள் ஓடுகின்றன. அவற்றில்தான் மலையின் தண்ணீர் இருக்கிறது. மேலே ஊர்க் கிணறுகளில் ஊறுவதும் அதே தண்ணீர்தான். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால், பாறைக்குள் இருபது மீட்டர் நீளத்துக்கு நான்கு துளை போட்டுச் சோதிக்க வேண்டும். வருகிற தண்ணீரை வாளியில் பிடித்து, எத்தனை நேரத்தில் நிறைகிறது என்று பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் வந்தால் சிமென்டைத் தண்ணீரில் பால் போலக் கரைத்து, அந்தப் பாலைப் பம்பு வைத்து உள்ளே தள்ள வேண்டும். பாறை குடிக்கும், குடிக்கும், பிறகு ஒரு கட்டத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்ளும். பால் இறுகும்வரை காத்திருந்து, அதற்கப்புறம்தான் வெடி.

முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன் மேனேஜர் வந்து, இனிமேல் ஒரு துளை போதும் என்றார்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்யா."

"பாறை சோறு இல்ல சார்," என்றான் ஒட்டடை. "வெந்ததும் வேகாததும் ஒரே பானையில கலந்து கிடக்கும்."

"ஒழுகினா பின்னாடி வந்து அடைச்சுக்கலாம். இப்ப மீட்டர்தான் முக்கியம்."

பின்னாடி அடைப்பது வெள்ளம் வந்த பிறகு அணை போடுகிற கதை. இங்கே அடைத்தால் அங்கே பிய்த்துக்கொண்டு வரும். அது மேனேஜருக்கும் தெரியும். ஆனால் சுரங்க வாயிலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். எந்த ஷிப்ட் எத்தனை மீட்டர் முன்னே போனது என்று தினமும் அதில் எழுதுவார்கள். எங்களுக்கும் மதிய ஷிப்டுக்கும் அந்தப் பலகையால் பேச்சு வார்த்தையே நின்றுபோயிருந்தது. பின்தங்கிய ஷிப்டைப் பார்த்து, "என்னப்பா, உள்ள தூங்கினீங்களா?" என்று மேனேஜர் சிரிப்பார்.

நாங்கள் முணுமுணுத்தோம். முணுமுணுத்துக்கொண்டே ஒரு துளைதான் போட்டோம்.

வேலை முடிந்து மலையேறி வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கதை. கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டுப் போகிறவனுக்கு, மேலே முகம் கழுவ ஒரு செம்பு தண்ணீர் இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டால் டக் என்று சத்தம் கேட்டது. சுரங்கத்திலிருந்து இறைத்துவிடுகிற தண்ணீர் ஓடையில் சாம்பல் நிறத்தில் ஓடியது. அதை மாடு கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நாங்கள் குடியிருந்த அறையின் கதவு நிலைக்கு மேல் ஒரு விரிசல் கிளம்பி, வாரத்துக்கு ஒரு சாண் வளர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வடிந்தால் மண் அமுங்கும்; மண் அமுங்கினால் சுவர் கிழியும்.

அன்று வீட்டுக்காரம்மா என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. எங்க கிணத்தை ஓட்டை போட்டவனுக்கே வீடு கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்து?"

மனைவி குடத்தை இறக்கிவைத்தாள். இரண்டு மைல் நடந்து கொண்டுவந்த குடம்.

"நீங்க அங்க என்னதான் பண்றீங்க? தண்ணிய அடைக்கிற வேலைன்னுதானே சொன்னீங்க?"

"மழை இல்லாததுதான் காரணம்னு கம்பெனி சொல்லுது."

"நான் கம்பெனியைக் கட்டிக்கிட்டு வரலை. உங்களைக் கேக்கிறேன்."

நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை போட்ட ஒற்றைத் துளை காய்ந்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஒட்டடை டிரில்லை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"கடைசி ரெண்டு மீட்டர் வெண்ணெய்ல இறங்கின மாதிரி இறங்குச்சு சார். பக்கத்துல உடைஞ்ச பாறை இருக்கு. வலது பக்கம் இன்னொண்ணு போட்டுப் பார்த்துடலாம்."

"காய்ஞ்சிருக்கா, இல்லையா?" என்றார் மேனேஜர்.

"காய்ஞ்சிருக்கு. ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் பள்ளிக்கூடத்துல." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "என்ன பம்பு, நீ சொல்லு. பால் கொடுக்கத் தேவை இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தொழிலில் பதினோரு வருஷம் இருப்பவன் நான். ஒட்டடை சொல்வது சரி என்று எனக்குத் தெரியும்.

"இந்தத் துளைக்குத் தேவையில்ல சார்," என்றேன்.

பொய் இல்லை. பொய்யைவிட மோசமானது.

வெடிக்கான துளைகளில் ஏழாவதை ஒட்டடை போட்டுக்கொண்டிருந்தபோது டிரில்லின் சத்தம் மாறியது. அடுத்த நொடி இரும்புக் கம்பியைப் பாறை துப்பியது. கம்பியின் பின்னாலேயே தண்ணீர் வந்தது. அது கொட்டவில்லை, அடித்தது. கையகலக் கற்களைச் சுமந்துகொண்டு, எதிர்ச் சுவர்வரை நேர்க்கோட்டில் அடித்தது. பாறைமுகத்திலிருந்து ஒரு பலகைக் கல் பெயர்ந்து ஒட்டடையின் இடது கால்மேல் சாய்ந்தது. விளக்குகள் அணைந்தன. தொடையளவு தண்ணீரில், தலைக்கவச வெளிச்சத்தில், ஐந்து பேர் சேர்ந்து அந்தக் கல்லைப் புரட்டினோம். கலவை அக்கா பம்பின் ரப்பர் குழாயை அறுத்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினார். வெளியே கொண்டுவந்தால் ஆம்புலன்ஸ் என்று எழுதியிருந்த வண்டியில் டீசல் இல்லை. கம்ப்ரசரிலிருந்து உறிஞ்சி ஊற்றிக் கிளப்ப நாற்பது நிமிஷம் ஆனது.

வண்டியில் ஏற்றும்போது ஒட்டடை என் கையைப் பிடித்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"வலது பக்கம் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?" என்றான், சந்தேகம் கேட்பவன் போல.

அடுத்த நாள் அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது. 'பணியாளரின் கவனக்குறைவால் விபத்து.' கலவை அக்கா அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, மேல ஊருல நம்மளைக் கரிச்சுக் கொட்டுறாங்க. அவங்க கோவம் நியாயம். ஆனா நாம வாயைத் திறக்காததால அது தப்பான இடத்துல விழுது. போய் உண்மையைச் சொல்லுவோம், வா."

"என்னன்னு சொல்றது? நாங்கதான் பண்ணினோம்னா?"

"அதைத்தான்."

அன்று மதியம் வற்றிய கிணற்றருகே முப்பது பேர் கூடியிருந்தார்கள். நான் சொன்னேன். நான்கு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டோம். எழுபது மூட்டை குடித்த பாறைக்கு எட்டு மூட்டை கொடுத்தோம். சொன்னது கம்பெனி, செய்தது நாங்கள். ஒரு கிழவர் என் முகத்துக்கு நேரே காறித் துப்பினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, நானும் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வீட்டுக்காரம்மாதான் பேசினார்.

"இப்ப அடைச்சா தண்ணி திரும்புமா?"

"ஒழுகுறதை நிறுத்தினா மலை மெல்ல மெல்ல ஊறும்மா. எல்லாக் கிணறும் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறுத்தாம இன்னும் நூறு மீட்டர் போனா ஒண்ணும் மிஞ்சாது. அது மட்டும் நிச்சயம்."

"அப்ப ஏன் இன்னும் இங்க நிக்கிறே?"

அடுத்த விடியலில் நாங்கள் பதினோரு பேரும் வேலைக்குப் போனோம். வெடிமருந்தைத் தொடவில்லை. நீளத் துளைக்கான கம்பிகளை எடுத்து வைத்தோம். எட்டு மணிக்கு முதலாளியின் கார் வாயிலில் வந்து நின்றது. தூசி பார்த்திராத ஹெல்மெட்டோடு இறங்கினார். கம்பி வேலிக்கு வெளியே மலையூர்க்காரர்கள் நின்றார்கள்.

"என்னப்பா, ஏன் வேலை நிக்குது?"

"வேலை நிக்கலை ஐயா," என்றார் கலவை அக்கா. "வெடிதான் நிக்குது. நாங்க துளை போடப் போறோம். வரைபடத்துல இருக்கிற நாலு."

"அது காகிதம்மா. காகிதத்துல ஆயிரம் இருக்கும்."

"அதுல உங்க கையெழுத்தும் இருக்கு."

"கலவை போடுறவளுக்கு இஞ்சினியர் வேலை எதுக்கு?"

"கலவை போடுறதாலதான் கேக்கிறேன். பாறை மாறலை, நான் கிழிக்கிற மூட்டைதான் குறைஞ்சு போச்சு. அந்தக் குறையிலதான் ஒரு மனுஷன் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில கிடக்கான். அவனுக்குக் கவனக்குறைவுன்னு தாள் ஒட்டியிருக்கீங்க. முதல்ல அதைக் கிழிங்க."

முதலாளி வேலியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஊர்க்காரங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? மழை பேயலைன்னா நான் என்ன வருண பகவானா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரம்மா சொன்னார்: "அடுத்த மலைக் கிணத்துல தண்ணி அப்படியே இருக்கு. மழை எங்க மேல மட்டும் கோவிச்சுக்கிச்சா?"

"லாரியில தண்ணி அனுப்புறேன்மா."

"எத்தனை வருஷம் அனுப்புவீங்க? ரயில் ஓடினதும் நீங்க வேற மலைக்குப் போயிடுவீங்க."

அவர் முகம் கறுத்தது. மேனேஜரைப் பார்த்து, "உள்ளே கரண்டை நிறுத்து" என்றார். மேனேஜர் அவர் காதருகே குனிந்தார். தண்ணீர் இறைக்கும் மோட்டார்களும் அதே கரண்டில் ஓடுகின்றன. நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் இயந்திரங்களெல்லாம் மூழ்கும்.

"சரி, ஸ்டோரைப் பூட்டு. சிமென்ட் இல்லாம எதை அடைக்கிறாங்கன்னு பார்ப்போம். பதினோரு பேரும் இந்த நிமிஷத்திலிருந்து வேலையில இல்ல. ரெண்டு மணிக்கு மதிய ஷிப்ட் வரும். அவங்க வெடிப்பாங்க. உங்களைத் தோக்கடிக்கறதுன்னா அவங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல்."

ஸ்டோர்காரர் யார் சண்டைக்கும் போகாதவர். எதைக் கேட்டாலும் எனக்கெதுக்கு வம்பு என்பார். அவர் ஷட்டரைப் பாதிவரை இழுத்தார். அங்கேயே நின்றார்.

"பூட்டுய்யா," என்றார் மேனேஜர்.

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன் சார். முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. தெளிஞ்சதும் என்கிட்ட கேட்டான், இன்னொரு பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கணுமான்னு." ஷட்டரை மேலே தள்ளினார். முதல் மூட்டையைத் தானே தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கெதுக்குண்ணே வம்பு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"தெரியலப்பா. இனிமேதான் பழகணும்."

உள்ளே போனோம். மேனேஜரின் ஆட்கள் நாலைந்து பேர் வழியில் நின்றார்கள், ஆனால் மூட்டை சுமந்து வருபவர்களை யாரும் தொடவில்லை. பீறிடும் துளையை முதலில் அடைக்கக்கூடாது. அழுத்தம் வேறு பக்கம் பாறையைப் பிளக்கும். அதில் வால்வு வைத்த குழாயை மாட்டித் தண்ணீரை அதன் வழியே போகவிட்டுவிட்டு, சுற்றிலும் துளை போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். அந்தக் குழாயைச் செருக மட்டும் ஆறு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து தள்ளினோம். தண்ணீர் முகத்தில் அறைந்து மூச்சை நிறுத்தியது. ஒட்டடையின் டிரில்லை அவன் உதவியாள் பிடித்தார். முதல் துளை முப்பத்தாறு மூட்டை குடித்தது. இரண்டாவது இருபத்தெட்டு. அக்காவின் விரல்களிலிருந்து ரத்தம் சொட்டி மூட்டைத் தாள்களில் கறை படிந்தது. கத்தியை அவர் கீழே வைக்கவில்லை.

இரண்டு மணிக்கு மதிய ஷிப்ட் வந்தது. பன்னிரண்டு பேர், முன்னால் அவர்களுடைய மேஸ்திரி. இரண்டு மாதமாக எங்கள் முகத்தைப் பார்க்காத மனிதர். அவர்களுக்குப் பின்னால் மேனேஜர்.

"மேஸ்திரி, இவங்க யாரும் இப்ப வேலையில இல்ல. வெளியே தள்ளிட்டு வெடிக்குத் தயார் பண்ணுங்க."

மேஸ்திரி முன்னால் நடந்தார். பாறைமுகத்தருகே போய், குழாய் வழியே சீறும் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தார். பெயர்ந்து கிடந்த பலகைக் கல்லைப் பார்த்தார். அந்த இடத்தில் ஏழாவது துளைக்கு மதிய ஷிப்டின் ஆள் நின்றிருந்தாலும் கல் விழுந்திருக்கும்.

"எத்தனாவதுல இருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"மூணாவது. ஒன்பது மீட்டர் போயிருக்கு."

"குடிக்குதா?"

"நல்லாக் குடிக்குது. ஆனா ஒழுகுறது கொஞ்சம் இறங்கியிருக்கு."

"மேஸ்திரி, உங்ககிட்டதான் சொல்றேன்," என்றார் மேனேஜர். "நாளைக்கு உங்களுக்கும் வேலை இருக்காது."

மேஸ்திரி மழைக்கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டார். தன் ஆட்களில் இரண்டு பேரை மூட்டைக்கும் இரண்டு பேரை மோட்டாருக்கும் கை காட்டினார்.

"வாசல்ல போலீஸ் ஜீப் வந்து நிக்குது," என்றார் என்னிடம். "ஊர்ப் பொம்பளைங்க வழியை அடைச்சு உக்காந்திருக்காங்க. எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரியாது. நீங்க மூணாவத முடிங்க. நாலாவது எங்களுது."