அய்பெரியின் பிலிம்

கல்லில் முகம் செதுக்குவது என் தொழில். நாரின் ஆற்றங்கரையில் எங்கள் கபர்ஸ்தானில் கபர்களின் தலைமாட்டில் நிற்கிற கறுப்பு மீசான் கற்களில் பாதிக்கு மேல் என் ஊசி பட்டவை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லைக் கண்ணாடி போலத் தேய்த்துக்கொண்டு, போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கிற இடத்தில் குத்த வேண்டும். இருட்டை அப்படியே விட்டுவிட வேண்டும். போட்டோ இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வாயால் சொல்லிச் செதுக்கின முகத்தை இதுவரை எந்தச் சொந்தக்காரனும் ஒத்துக்கொண்டதில்லை. மார்க்கத்தில் உருவம் ஆகாது என்று மொல்லா சொல்வார். அவருடைய அப்பா முகத்தையும் நான்தான் செதுக்கினேன்.

சல்தனத் போட்டோ இல்லாமல்தான் வந்தாள். அவள் மகள் அய்பெரி ஆற்றோடு போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. ஆறு வயசு. புருஷன் சைபீரியாவுக்கு மரம் அறுக்கப் போனவன், மகள் செத்தது தெரியுமோ தெரியாதோ. வருஷ விருந்துக்கு இன்னும் இரண்டு மாதம். அன்றைக்குக் கல் நடவேண்டும், அதற்கப்புறம்தான் அவள் கறுப்பு முக்காட்டை எடுக்கலாம்.

"பள்ளிக்கூடத்துல போட்டோ எடுத்திருப்பாங்களே?" என்றேன்.

"அந்த செப்டம்பர்லதான் சேர்க்கறதா இருந்தேன், பைகே."

"அப்ப பேரை மட்டும் வெட்டித் தரேன். போ கெலின்" என்றேன். ஊருக்கு வாழ வந்தவள் கெலின், அண்ணன் முறைக்காரன் பைகே, எங்கள் பேச்சில் அப்படித்தான்.

"பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? முன்னாடியெல்லாம் கண்ணை மூடினா உடனே வந்து நிப்பா. இப்ப மூக்கு வருது, கண்ணு வரமாட்டேங்குது. போகப் போக மொத்தமும் அழிஞ்சுடும் பைகே."

படமெடுக்கிற செல்போன் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. யோசித்துப் பார்த்ததில் பெகிமாய் ஞாபகத்துக்கு வந்தாள்.

பெகிமாய் பிஷ்கெக் பட்டணத்துக்காரி. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இரண்டு கோடைக்காலம் எங்கள் மேய்ச்சல் மலையில் கூடாரம் போட்டிருந்தாள். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுக்கமாட்டாள். கலைப்படமாம். சாணி மிதிக்கிற பிள்ளைகளை எடுப்பாள், கிழவிகளின் முதுகை எடுப்பாள். என்னையும் என் குதிரையையும் சேர்த்து எடு என்றதற்கு, "குதிரை மட்டும் போதும்" என்றாள். அய்பெரி இரண்டு கோடையும் ஆட்டுக்குட்டி மாதிரி அவள் பின்னாலேயே சுற்றினாள். அவ்வளவு படம் எடுத்தவள் ஒருத்தருக்காவது ஒரு பிரதி கொடுத்தாளா என்றால் இல்லை.

சல்தனத்தைத் தனியே விட்டால் ஏமாற்றிவிடுவார்கள் என்று நானும் கூடப் போனேன்.

பட்டணத்தில் பெகிமாயின் படங்களைப் பெரிய கூடத்தில் மாட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு அய்பெரி. முழங்கை கிழிந்த ஸ்வெட்டர், கையில் ஆட்டுக்குட்டி, அம்மா பின்னிவிட்ட இரட்டைச் சடை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பொத்தல். பூனை பிறாண்டின மாதிரி கோடுகள். திரும்பிப் பார்த்தால் எல்லாப் படமும் அப்படித்தான். சனங்கள் கையில் ஒயின் கோப்பையோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

சல்தனத் போய் அந்தப் பொத்தலின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொடாதீங்கம்மா!" என்று காவலாள் கத்தினான்.

"இது என் பொண்ணுய்யா."

பெகிமாய் வந்தாள். அடையாளம் தெரிந்து கட்டிக்கொள்ளப் போனாள்.

"எஜே, இவ மூஞ்சி எங்க?" என்று அக்கா முறை வைத்தே சல்தனத் கேட்டாள்.

"நெகடிவ்ல ஊசியால சுரண்டிட்டேன். மூஞ்சி இருந்தா இது ஒரு பொண்ணோட படம். இல்லேன்னா எல்லாப் பொண்ணுங்களுக்கும் பொது. என் வேலையே அதான்."

"உன் மூஞ்சியைச் சுரண்டிப் பாரேன், எல்லாருக்கும் பொதுவா இருக்கும்" என்றேன்.

"சுரண்டாதது ஒண்ணுகூட இல்லையா எஜே? அவ ஆத்தோட போயிட்டா. கல்லுல வெக்க ஒரு மூஞ்சி வேணும்."

பெகிமாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. பொய் இல்லை, நான் பார்த்தேன். அப்புறம் அவள் கண் சல்தனத்தின் கைக்குப் போனது. அந்தக் கை இன்னும் படத்தின் மேல்தான் இருந்தது.

"அப்படியே நில்லு. கையை எடுக்காதே" என்றவள், தோளில் தொங்கின கேமராவை எடுத்து இரண்டு தடவை அமுக்கினாள்.

சல்தனத் கையை எடுக்கவில்லை. படமெடுத்து முடியும்வரை நின்றாள். முடிந்ததும் பெகிமாயின் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு, எஜே."

பெகிமாய் உள்ளே போய்ச் சின்ன டப்பி ஒன்று கொண்டுவந்தாள். "கடைசி நாள் எடுத்த பிலிம். எனக்குப் பிடிக்கல, கழுவாமலே போட்டு வெச்சிருந்தேன். பல்லு விழுந்த வாயோட சிரிச்சா, அது இதுல இருக்கு. அடுத்த வாரம் நானே கழுவித் தரேன்."

"கழுவறப்பவே சுரண்டிடுவ. இப்பவே குடு" என்றேன்.

பெகிமாய் டப்பியைச் சல்தனத்தின் கையில் வைத்தாள். "நாரின் டவுன்லயே கடையில கழுவக் குடுங்க. வழியில மட்டும் திறக்கவே திறக்காதீங்க."

திரும்பி வருகிற வேன் கொச்கோரில் சாப்பாட்டுக்கு நின்றது. வழியெல்லாம் டப்பியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தவள், முகம் கழுவப் போகும்போது என்னிடம் கொடுத்தாள். பசிக்குது பைகே என்றாள். பத்து மாதத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

திறக்காதே என்றவள் ஏன் திறக்காதே என்றாள்? முன்னொரு தடவை ஒருத்தன் சாக்கில் கட்டி, வீட்டில் போய்ப் பிரியுங்கள் என்று கொடுத்த கல்லுக்குள் விரிசல் இருந்தது. அப்படி அடிபட்டவன் நான். பிலிமும் எனக்குப் புதிதில்லை. போட்டோ இல்லாதவர்கள் பிலிம் துண்டு கொண்டுவருவார்கள். வெயிலுக்கு நேரே பிடித்தால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் ஆள் தெரியும். டப்பியைப் பல்லால் நெம்பித் திறந்தேன். நுனியைப் பிடித்துக் கடைசிவரை இழுத்து உச்சி வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் வெறும் பட்டை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டது அல்லவா?

"பார்த்தியா கெலின், உன் எஜே லட்சணத்தை" என்று சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய்ப் போட்டேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள். அழவில்லை. பிலிமை விரலில் சுற்றிக்கொண்டே, "அல்லா அவ கண்ணைப் பிடுங்கட்டும்" என்றாள்.

அடுத்த வாரம் நாரின் டவுனில் துருஸ்பெக்கின் போட்டோக் கடைக்குப் போனேன். பட்டணத்துக்காரியின் புரட்டை அவனிடம் அளந்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கழுவாத பிலிம் மேல வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு, பைகே! கழுவினாத்தான் உருவமே வரும். வெயில்ல இழுத்த மடையன் யாரு?"

"பக்கத்து ஊர்க்காரன்" என்றேன்.

விருந்து முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். சல்தனத் சொல்லச் சொல்ல உடைசல் கற்களில் மூன்று முகம் குத்திக் காட்டினேன். மூன்றுக்கும் "இவ இல்ல" என்றாள். கடைசியில், பட்டணத்துக் கூடத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த படப் புத்தகத்தில் பொத்தல் முகத்தோடு அய்பெரி இருந்தாள், அதைப் பார்த்தே செதுக்கினேன். ஆட்டுக்குட்டி வந்தது, ஸ்வெட்டர் வந்தது, சடை வந்தது. முகத்தின் இடத்தில் ஊசி வைக்கவில்லை. தேய்த்த கறுப்பு அப்படியே நின்றது.

விருந்தன்று குதிரை அறுத்தோம். ஊரே கபர்ஸ்தானில் நின்றபோது பெகிமாய் காரில் வந்து இறங்கினாள். துக்கம் முடிக்கிறவளுக்குப் போர்த்துகிற வெள்ளை முக்காடு கையில் இருந்தது. கல்லைப் பார்த்ததும் நடை நின்றது. கபரைச் சுற்றின இரும்பு வேலியில் நேர்ந்து கட்டின துணிப் பட்டைகளோடு அந்த பிலிமையும் சல்தனத் கட்டியிருந்தாள். பெகிமாய் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை வெளிச்சத்துல இழுத்தது யாரு?"

"வெத்து பிலிமைக் குடுத்துட்டுக் கேள்வி வேற கேக்கறியா?" என்றாள் சல்தனத்.

"வெத்து இல்ல. அவ இதுலதான் இருந்தா. வெளிச்சம் பட்டு அழிஞ்சுட்டா."

சல்தனத் என் பக்கம் திரும்பினாள். ஊரே திரும்பியது. "பைகே, நெஜமா? வெளிச்சம் பட்டா அழிஞ்சுடுமா?"

நாற்பது வருஷம் போட்டோவோடு கிடந்தவன். நான் சொன்னால் சொன்னதுதான்.

"அப்படியெல்லாம் கிடையாது கெலின். எத்தனை பிலிமை நான் வெயில்ல பார்த்திருக்கேன்."

சல்தனத் வெள்ளை முக்காட்டைப் பிடுங்கி மண்ணில் போட்டு மிதித்தாள். பெண்கள் பெகிமாயின் முடியைப் பிடித்தார்கள். யாரோ கேமராவை வேலியில் ஓங்கி அடித்தார்கள். நான் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கார்வரை இழுத்துப்போனபோது பெகிமாய் உதட்டில் ரத்தத்தோடு என்னைத் தாண்டினாள்.

"பெரியவரே, நானாவது ஒண்ணை மிச்சம் வெச்சிருந்தேன்" என்றாள்.

சல்தனத் கறுப்பு முக்காட்டை எடுக்கவில்லை. வியாழன்தோறும் போய் அந்தக் கல்லின் கறுப்பைச் சட்டைக் கையால் துடைப்பாள். துடைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பாள். பார்த்தால் அவளுடைய சொந்த முகம்தான் தெரியும்.

முதல் பனி விழுந்த அன்று என் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"பைகே, இப்ப மூக்கும் வரமாட்டேங்குது."

"உள்ள வா. டீ குடி" என்றேன்.