எல்டனின் பெயர் கீழே இறங்கிய வாரம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் காட்டன்வுட் மாவட்டத்தில் அந்த ஆண்டு, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு அச்சான வாக்குச்சீட்டுகளில், எல்டன் ஸ்விட்டாக்கின் பெயர் மேலே நிற்க மறுத்தது. மாவட்ட ஆணையர் பதவிக்கு அவர் கட்சியில் இருவர் போட்டியிட்டார்கள். முதல் வரியில் இருப்பவருக்குச் சும்மாவே நாலு வாக்கு கூடுதலாக விழும் என்பதால், பத்து வாக்குச்சாவடிகளில் ஐந்தில் எல்டன் பெயரும் ஐந்தில் மார்லின் க்ரூஸ் பெயரும் முதலில் வரவேண்டும் என்பது விதி. திங்களன்று அச்சகத்திலிருந்து சீட்டுகள் சரியாகத்தான் வந்தன. செவ்வாய் காலை பத்துச் சாவடிச் சீட்டிலும் எல்டன் கீழே இருந்தார். அது இறங்க மார்லினின் பெயர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டு, மேலே போயிருந்தது.

தேர்தல் எழுத்தர் ஆர்டித் கோல்ட்டர்மன் முப்பது வருடமாகச் சீட்டு தயாரிப்பவர். கட்டுகளின் மேல் சட்டப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தார். மறுபடி அச்சடிக்க வைத்தார். பெயர் இறங்கியது. எண்ணும் இயந்திரமோ பழைய இடத்தையே நம்பியதால், சோதனை ஓட்டத்தில் எல்டனுக்குக் குறித்த வாக்குகள், அவர் மேலே இருக்கவேண்டிய ஐந்து சாவடிகளில் மார்லினுக்குப் போயின. சனிக்கிழமைக்குள் வெளிநாட்டில் இருக்கும் பதினோரு படைவீரர்களுக்குச் சீட்டு தபாலில் போகாவிட்டால், அவர்கள் வாக்கு நேரத்துக்குத் திரும்பி வராது.

வியாழனன்று ஆர்டித் எல்டனின் பண்ணைக்கே போனார். எல்டன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"நான் என்ன பண்ணட்டும், ஆர்டித்? முன்னாடி நின்னு எனக்குப் பழக்கமே இல்லையே."

"நீ நிக்க வேண்டாம்ப்பா. உன் பேரு நின்னா போதும்."

"அதுக்கும் என் புத்திதானே இருக்கும்."

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் தவக்கால மீன் விருந்து. எல்டன் வழக்கம்போல வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார். விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்த மார்லின் தட்டைக் கீழே வைத்தார்.

"யோவ் எல்டன், முன்னால வாய்யா."

"பரவாயில்ல, நீ வாங்கிக்கோ."

"உன் வாக்குல ஜெயிச்சேன்னு நாளைக்கு எவனாவது சொன்னா என் மானம் போயிடும். நீ மீனை எடுக்கிற வரைக்கும் இங்க ஒருத்தனும் சாப்பிட மாட்டான்."

"மீன் ஆறுதுய்யா, சீக்கிரம் எடுத்துத் தொலை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, காது சிவந்த எல்டன் நடந்துபோய் முதல் துண்டை எடுத்தார். எடுத்தவர், உருளைக்கிழங்கையும் முதல் ஆளாகவே வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஐந்து சாவடிச் சீட்டுகளில் எல்டன் மேலே இருந்தார், கொஞ்சம் சாய்வாக. ஒன்பது மணிக்குள் அதுவும் நேராகிவிட்டது. இயந்திரம் சரியாக எண்ணியது. பதினோரு உறைகளும் மதியத் தபாலில் போயின. மே மாதத் தேர்தலுக்குள் பதினொன்றும் திரும்பி வந்தன. எல்டன் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முதலில் கை கொடுத்தவர் மார்லின்.

அதிலிருந்து அந்த அலுவலகத்தின் நாட்காட்டியில், அச்சுக்கும் சோதனைக்கும் நடுவே, பெயர்கள் நிலைகொள்ள ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். இரண்டு தேர்தல் கழித்து, உரத்த குரல்காரியான ஒரு வேட்பாளரின் பெயர் ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே வந்தது. ஆர்டித் தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னார். மாலைக்குள் பெயர் உள்ளே போய்விட்டது.