சான்று கேட்டவர்

ஜெபமாலை பாதியில் இருந்தபோது வாசலில் மகள் வினோலியாவின் குரல் உயர்ந்தது. யாரையோ உள்ளே விடமாட்டேன் என்கிறாள். சாவு வீட்டுக்கு வந்தவரைத் தடுக்கிறாளே இந்தப் பிள்ளை என்று அல்போன்சா பதறி, கணவர் மிக்கேல்ராஜ் வாத்தியார் கிடந்த பெட்டியைப் பிடித்து எழுந்து போனாள்.

சம்பங்கி மாலையோடு ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலையாம். பேர் சுருளிவேல்.

அட, இவர்தானா! வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த நாளிலிருந்து மிக்கேல்ராஜ் வாத்தியார் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தது இவரால்தானே! இணையக் கலைக்களஞ்சியத்தில் தோல் பதனிடும் ஷாப்களில் அந்தக் காலத்தில் நடந்த வேலைநிறுத்தம் பற்றி ஒரு கட்டுரை. அங்கே யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம். தங்கள் கட்சிச் சங்கத்துப் பெண்கள்தான் முதலில் வேலையை விட்டு வெளியே வந்தார்கள் என்று வாத்தியார் எழுதுவார். மாற்றுக் கட்சிக்காரரான சுருளிவேல், இது பிரச்சாரம், சான்று எங்கே என்று அழிப்பார். அவர் தன் கட்சியைத் தூக்கி எழுதினால் வாத்தியார் சும்மா விடுவாரா? வைத்த காபி ஆடை படிந்து கிடக்கும். என் சக்களத்தி இன்றைக்கு என்ன சொல்கிறார் என்று அல்போன்சா கேலி செய்வாள். வாத்தியாருக்குச் சிரிப்பு தாங்காது. ஆள் சுத்தமானவன், சொந்தக் கட்சிக்காரன் புளுகினாலும் அழித்துவிடுவான் என்பார்.

வினோலியாவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. நேற்று அப்பா மாரடைப்பில் போனதும், அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவள் அந்தச் சேதியை எழுதிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கீழே சுருளிவேல் எழுதியிருந்தார்: 'சான்று தேவை.'

சாவுக்கா சான்று கேட்பார்கள் மனுஷர்கள்?

"எங்க கட்சிப் பசங்க எவனோ வெளையாடுறான்னு நெனச்சுப்போட்டனுங்கம்மா" என்றார் அவர். "சாரு போயிட்டாருன்னு மனசு ஒப்பலீங்க."

"உள்ள வாங்க தம்பி. கிட்ட வந்து பாருங்க."

பெட்டியருகே வந்தவர் மாலையை வைக்கவும் மறந்து நின்றார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷம் முகம் பார்க்காமல் சண்டை போட்டவர்கள், முதன்முதலாகப் பார்ப்பது இப்படியா வாய்க்க வேண்டும் என்று அல்போன்சாவுக்குத் தோன்றியது.

வினோலியா விடவில்லை. முதலில் வேலையை விட்டு வந்த அந்தப் பெண்களில் ஒருத்தி சாணார்பட்டியில் இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் வாய்ச்சொல் கலைக்களஞ்சியத்தில் செல்லாதாம், அச்சில் வந்தது வேண்டுமாம். அதற்காகத்தான் வாத்தியார் பழைய பத்திரிகை தேடிக் கடைசிவரை அலைந்தார்.

"அந்தப் பொம்பளைங்கதான் மொதல்ல வந்தாங்கன்னு அப்பா எழுதுன வரிய இனிமே அழிக்க மாட்டேன்னு எங்கப்பா முன்னால சொல்லுங்க. அது போதும்."

ஜெபம் நின்றுவிட்டது. ஒரு 'சரி' போதும், சச்சரவு முடிந்துவிடும். சுருளிவேல், வாத்தியாரின் முகத்தையே பார்த்தார்.

"அழிச்சுருவனுங்க அம்மிணி" என்றார், அழுதுகொண்டே. "சான்று இல்லாம உட்டா சாரே என்னை வைவாருங்க."

அல்போன்சாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. நேற்றிலிருந்து வராத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாலும் அடங்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

கல்லறைக்குப் போகும் வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கக் கொழுந்தன் அருள்நாதன் தலைமாட்டுக்கு வந்தான்.

"சித்த தள்ளிக்க அப்பு" என்றாள் அல்போன்சா. "அந்தப் பக்கம் இவரு பிடிக்கட்டும். சுத்தமான ஆளுன்னு அவுக சொன்னது இவரத்தான்."

சுருளிவேல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தார்.