கண்ணாடியைச் சுத்தம் செய்த மீன்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. தேர்ந்தவர்கள் எழுதும் இடத்தில் துணிந்து நுழைந்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதற்கு மேல் இதில் திறமை எதுவும் இல்லை.

அவர் அச்சகம் ஒன்றில் பிழைதிருத்துபவர். ஓர் ஒற்று மிகுந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. வீட்டிலும் அதே கண்தான். கூடத்து மேசைமேல், மகளுக்காக வாங்கிய சிறிய மீன்தொட்டி இருந்தது. உள்ளே தழைத்த செடிகள், நீலக்கோடு மின்னும் ஆறு நியான் மீன்கள். செடிகளுக்காக விளக்கை நெடுநேரம் எரியவிட்டதில் கண்ணாடியெங்கும் பாசி பிடித்துக்கொண்டது. துடைத்தாலும் மறுபடி வந்தது. அந்தப் பச்சைப் புள்ளிகள் அவர் கண்ணை உறுத்தின.

“தொட்டிக்கும் ப்ரூஃப் பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று மனைவி சிரித்தாள்.

மீன் கடைக்காரர், விரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிறக் கெளுத்திகளைக் காட்டினார். “சின்னத் தொட்டிக்கு இதுதான் சார் சரி. பரம சாது. ஆனா மெதுவாத்தான் மேயும். அங்கங்க மிச்சம் வைக்கும்.”

“மிச்சம் வைக்குமா?” அவர் முகம் சுளித்தார். “அந்த மஞ்சள் மீன்?”

“சக்கரா? உறிஞ்சுற வாய் சார் அதுக்கு, கண்ணாடியைப் பளிங்காக்கிடும். ஆனா வளர வளர அதுக்குப் பாசி அலுத்துடும் சார். மத்த மீன் மேல ஒட்டிக்கிட்டு உறிஞ்ச ஆரம்பிச்சிடும்.”

“வளர்றப்ப பார்த்துக்கலாம்.”

“சரி, உங்க இஷ்டம். பாசி தீர்ந்ததும் தீனி போடுங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க.”

சக்கர், சொன்ன வேலையைச் செய்தது. ஒரே வாரத்தில், நடுவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவர் மனம் குளிர்ந்துபோனார். அதற்குத் தனியாகத் தீனி எதுவும் போடவில்லை.

“பாவங்க, எதையாவது போடுங்களேன்” என்றாள் மனைவி.

“வயிறு நிறைஞ்சா அது எதுக்கு வேலை பார்க்கும்? நம்ம ஆஃபீஸ்ல பார்க்கலையா?”

நியான் மீன்களின் நீலக்கோடு முதலில் வெளிறியது. பிறகு ஒவ்வொன்றாக அடியில் விழுந்தன. சக்கர் மட்டும் கண்ணாடியில் வாயைப் பதித்து, ஒன்றுமில்லாத இடத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வீட்டில் வாண்டு என்று அழைக்கப்பட்ட மகளுக்கு ஐந்து வயது. மாலையானால் தொட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவள் கன்னம் எங்கே பதிகிறதோ, உள்ளே அதே இடத்திற்குச் சக்கர் வரும்.

“அப்பா, கூசுது!” என்று நெளிந்து சிரிப்பாள்.

“கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது உனக்கு எப்படிக் கூசும், வாலு?” என்று அவரும் சிரித்தார்.

ஒரு காலையில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த மனைவியின் சீப்பு நின்றது.

“என்னங்க, இங்க வாங்க. இவ உதட்டுக்கு மேல இருந்த மச்சம் எங்க?”

அவர் குனிந்து பார்த்தார். தழும்பில்லை, தடமில்லை. அச்சுப் பிழையை நீக்கிய வரிபோல் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அவருக்கு முதலில் உண்டானது நிம்மதி. அதை நினைத்து அவர் பின்னர் பலமுறை நடுங்கினார்.

அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து விழுந்ததில் வந்த புருவத் தழும்பு போயிற்று. கன்னக்குழி போயிற்று. மருத்துவர் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

“குறை இல்லைங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள் மனைவி. “இவளைப் பார்த்தா யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்குங்க.”

அன்று மாலை அவர் சீக்கிரமே வீடு திரும்பினார். வாண்டு முகம் முழுவதையும் கண்ணாடியில் அழுத்தி நின்றிருந்தாள். மூடிய இமைக்கு நேராகச் சக்கரின் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் பாய்ந்து அவளைப் பிடித்து இழுத்தார்.

“கூசுதாடா கண்ணு?”

அவள் நெளியவில்லை. நிதானமாக அவரைப் பார்த்தாள்.

“இப்பல்லாம் கூசறதில்லப்பா.”

மீனை வலையில் அள்ளி, தண்ணீர்ப் பையில் போட்டுக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“மஞ்சள் சக்கருக்கு வாய் மேல கறுப்புப் புள்ளி வராதே சார்! இது ஏது?”

“அதை... திருப்பி வாங்க வழி இருக்கா?”

“மீனைத்தானே? வாங்கிக்கறேன், கவலைப்படாதீங்க.”

எத்தனையோ பக்கங்களில் பிழைகளை அடித்துத் தள்ளிய மனிதருக்கு, அடித்ததை மீண்டும் எழுதும் வழி தெரியவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தார்.

தொட்டி விளக்கை இரவும் பகலும் எரியவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடியில் பாசி வரவேயில்லை. வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிறாள்.

போனவை: நியான் மீன்கள், ஆறு. மேலுதட்டு மச்சம், ஒன்று. உடல் கூச்சம், முழுவதும். புருவத் தழும்பு, ஒன்று. கன்னக்குழி, இடப்பக்கம் மட்டும்.