ரோல் முடிக்கிற படங்கள்

அக்கா புருஷன் தயாளன் மாமா செம்பாக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு நான் அங்கேதான் இருந்தேன். கவுண்டர் பக்கம் வரக் கூச்சம். உள்ளே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டுவேன். கல்யாணங்களுக்குப் போய் லைட் பிடிப்பேன்.

கல்யாணம் முடியும்போது பிலிம் ரோலில் இரண்டு மூன்று படம் மிஞ்சும். ரோல் முழுக்க முடியாமல் கழுவ லேபுக்குக் கொடுக்க மாமாவுக்கு மனசு வராது. கேமராவை என்னிடம் நீட்டுவார்.

"அபி, ரோல முடிச்சிட்டு வா. எதையாவது எடு, ஆனா சீக்கிரம்."

ஈர வாழை இலைக் கட்டு, கழுவிக் கவிழ்த்த அண்டா என்று எதையாவது எடுப்பேன். மாமா அவற்றைப் பிரிண்ட் போடமாட்டார். "ஆளே இல்லாத போட்டோவ எவன் வாங்குவான்?" என்பார். நெகட்டிவை டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்து, கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மட்டுமே என் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

2007-இல் மாமா டிஜிட்டல் கேமரா வாங்கினார். "இனிமே ரோலே கிடையாது" என்றார் சந்தோஷமாக. ரோல் இல்லையென்றால் முடிக்க என்ன இருக்கிறது? கேமரா என் கைக்கு எப்படி வரும்?

கையிலிருந்த கடைசி ரோல் எங்கள் தெரு வேதசிரோமணி சார் மகள் கல்யாணத்துக்கு ஓடியது. மூன்று படம் மிஞ்சியது. மண்டபத்துக்கு வெளியே வந்தேன். வாடகை நாற்காலிகளை அடுக்கித் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. வெள்ளை நாற்காலிக் கோபுரம், அதற்குக் கீழே இரண்டு கால்கள். தண்ணீரில் தலைகீழாக இன்னொரு கோபுரம் கூடவே நடந்தது. மூன்றையும் அதற்கே செலவழித்தேன்.

அந்த முறை லேபில் பிரிண்டோடு சிடியும் கொடுத்தார்கள். கல்யாணப் படங்களைப் போட்டால் ஆர்டர் வரும் என்று மாமா இன்டர்நெட்டில், ஆர்குட்டில், ஸ்டுடியோ பேரில் ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தார். சிடியில் இருந்ததைப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் வேதசிரோமணி சார் கடைக்குள் வந்தார்.

"தயாளன், மஸ்கட்லருந்து என் பையன் போன் பண்றான். எம் பொண்ணு கல்யாணப் படத்துல நாற்காலிய எதுக்குப்பா போட்டு வெச்சிருக்க? வாடகைக்கு விடப் போறியா?"

மாமா எழுந்து நின்றார். "சாரி சார். அது ரோல் முடிக்கிறதுக்கு நம்ம அபி எடுத்தது. இப்பவே தூக்கிடறேன்."

சாரை உள்ளே கூட்டி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். எனக்கு ஒளிய இடமில்லை. பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பொண்ணு மாப்பிள்ளைக்குக் கீழே ஒரே ஒரு வாழ்த்து. நாற்காலிகளுக்குக் கீழே எழுத்து போய்க்கொண்டே இருந்தது. பாதி எங்களில் யாருக்கும் தெரியாத பாஷை. ஆச்சரியக்குறிகள் மட்டும் புரிந்தன. இங்கிலீஷில் ஒருவர், "அந்தக் கால்கள் எங்கே போகின்றன?" என்று கேட்டிருந்தார்.

"யாரு இவங்கல்லாம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"பிரேசில் போலருக்கு சார். ஆர்குட்ல பாதிப் பேர் அவங்கதான்."

"ஏன், பிரேசில்ல நாற்காலி இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாண ஆல்பம் பீரோவுக்குள் போகும். அதில் இருப்பவர்கள்தான் அதைப் பார்ப்பார்கள். இந்தப் படத்தில் யார் முகமுமே இல்லை. ஆனாலும் செம்பாக்கம் எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்கள், ஏரிக்கரையில் நான் நின்ற அதே இடத்தில் வந்து நின்று, அதே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா மவுஸைத் தொட்டார்.

"இருப்பா" என்றார் சார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகே குனிந்தார். "அந்த ஆளு இதத் தூக்கிகினு நடந்தேவா போனாரு? வண்டியில போச்சுன்னுல்ல நெனச்சேன்." பிறகு, "இது இருக்கட்டும்" என்றார்.

அடுத்த கல்யாணம் பீர்க்கன்கரணை சர்ச்சில், புதுக் கேமராவில். எல்லாம் முடிந்து நான் லைட் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா கேமராவில் ஏதோ நம்பரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அபி, இன்னும் இருநூறு படத்துக்கு இடம் இருக்காம். முடிச்சிட்டு வா."

"எதை எடுக்க மாமா?"

"எனக்கென்ன தெரியும்? பிரேசில்காரனக் கேளு."

சர்ச் வாசலில் மழை விட்டிருந்தது. வரிசையாகக் கிடந்த செருப்புகளில் தண்ணீர் நின்று, ஒவ்வொன்றிலும் துண்டு வானம் கிடந்தது. கேமராவில் கண்ணை வைத்தேன். பிரேசிலிலிருந்தும் எங்கெங்கிருந்தோவும் எத்தனை பேர் வந்து என் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியட்டும் என்று கொஞ்சம் குனிந்துகொண்டேன்.